ஏடிஎஸ்-பி வந்த பிறகும் ரேடார் ஏன் சுற்றிக்கொண்டிருக்கிறது?

கேட்கப்பட்டது இதுதான்: கைப்பேசியைத் திறந்தாலே தலைக்கு மேல் போகும் விமானத்தின் பெயரும் உயரமும் வேகமும் தெரிந்துவிடுகிறது. விமானமே ஜிபிஎஸ் வைத்துத் தன் இடத்தைச் சொல்லும் ஏடிஎஸ்-பி முறை வந்துவிட்ட காலத்தில் ரேடார் ஆன்டெனா எதற்கு? மோட் சி, மோட் எஸ், ஏடிஎஸ்-பி என்று ட்ரான்ஸ்பாண்டரை (தரைக்குத் தகவல் சொல்லும் விமானக் கருவியை) ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்? பழையது நன்றாகத்தானே வேலை செய்தது?

பல ஆண்டுகள் ரேடார் திரைக்கு முன் உட்கார்ந்தவன் என்ற முறையில் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பழையது அவ்வளவு நன்றாக வேலை செய்யவில்லை. அதன் ஓட்டைகளை, தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கண்ட்ரோலர்கள் நினைவாற்றலாலும் கூடுதல் இடைவெளியாலும் அடைத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் வெளியே தெரியவில்லை. அந்த ஓட்டைகள் எங்கெங்கே இருந்தன என்று பார்த்தால், ஒவ்வொரு மாற்றமும் ஏன் வந்தது என்பது தானாக விளங்கிவிடும்.

முதலில் வந்தது பிரைமரி ரேடார். துடிப்பை அனுப்பு, விமானத்தின் உடலில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிடி, போய்வந்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடு. விமானத்தின் ஒத்துழைப்பே தேவையில்லை. ஆனால் எதிரொலி மிக வேகமாகத் தேய்ந்துவிடும். தூரம் இரண்டு மடங்கானால் திரும்பி வரும் சக்தி 16-ல் ஒரு பங்காகிவிடும். மழை, மலை, பறவைக் கூட்டம், இப்போது காற்றாலை இறக்கைகள் என எல்லாமே எதிரொலிக்கும். திரையில் தெரிவது வெறும் புள்ளி. அது யார் என்று தெரியாது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் தெரியாது. ஒரே பகுதியில் நான்கு புள்ளிகள் இருந்து, அதில் ஒருவர் ரேடியோவில் கூப்பிட்டால், அவரை 30 டிகிரிக்குக் குறையாமல் திரும்பச் சொல்லிவிட்டு எந்தப் புள்ளி வளைகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வளைந்த புள்ளியை அடையாளம் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர வேண்டும். உயரத்தை விமானியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் சொன்னதை நம்பியே ஆக வேண்டும்.

அந்த நம்பிக்கை உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1996 நவம்பர் 12 சாட்சி. தில்லியிலிருந்து கிளம்பிய சவூதியாவின் போயிங் 747-க்கு 14,000 அடி வரை அனுமதி. எதிரே இறங்கி வந்த கஜகஸ்தானின் ஐஎல்-76-க்கு 15,000 அடி. இருவருக்கும் 1,000 அடி இடைவெளி, விதிப்படி சரி. எதிரே விமானம் வருகிறது என்பதையும் கண்ட்ரோலர் கஜகஸ்தான் விமானத்துக்குச் சொல்லியிருந்தார். ஆனால் அந்த விமானம் 15,000-இல் நிற்காமல் கீழே போய்விட்டது. அன்று அங்கே, விமான நிலையத்தை நெருங்கும் விமானங்களைக் கவனிக்கும் அப்ரோச் கண்ட்ரோலில் இருந்தது பிரைமரி ரேடார் மட்டுமே. விமானம் தாண்டி இறங்குவதைக் காட்ட அந்தத் திரையில் எண்ணே இல்லை. சர்க்கி தாத்ரி மேல் இரண்டும் மோதி 349 பேர் இறந்தார்கள். அந்த அறையில் இருந்தவரின் இடத்தில் என்னை வைத்து எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அவருக்குத் தேவைப்பட்டது நூறு அடிக் கணக்கில் ஒரே ஒரு மூன்றிலக்க எண்.

அந்த எண்ணைத் தருவதுதான் செகண்டரி ரேடார். இரண்டாம் உலகப் போரில் நம் விமானமா, எதிரி விமானமா என்று கண்டுபிடிக்க உருவான கேள்வி-பதில் முறையின் வாரிசு அது. தரையிலிருந்து 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி போகும்; விமானத்தில் உள்ள ட்ரான்ஸ்பாண்டர் 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும். 'நீ யார்' என்று கேட்பது மோட் ஏ, 'எவ்வளவு உயரம்' என்று கேட்பது மோட் சி. பதில் எதிரொலி அல்ல, விமானமே புதிதாக அனுப்பும் அலை. அதனால் குறைந்த சக்தியில் வெகு தூரம் எட்டும், மழையும் மலையும் திரையில் வராது. மோட் ஏ பதில் என்பது கண்ட்ரோலர் கொடுக்கும் நான்கு இலக்க ஸ்குவாக் எண். ஒவ்வோர் இலக்கமும் 0 முதல் 7 வரை. கடத்தல் என்றால் 7500, ரேடியோ செயலிழந்தால் 7600, வேறு அவசரம் என்றால் 7700. பெரும் முன்னேற்றம்தான். பல பத்தாண்டுகள் உலகமே இதை வைத்துத்தான் ஓடியது.

இதில் இருக்கும் ஓட்டையைத்தான் வெளியே இருப்பவர்கள் அதிகம் அறிவதில்லை. கேள்வி யாருக்கும் தனியாகப் போவதில்லை. ஆன்டெனாவின் கற்றை எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அந்தப் பக்கம் இருக்கும் எல்லா விமானமும் ஒன்றாகப் பதில் சொல்லும். ஒரு பதிலின் நீளம் 20.3 மைக்ரோ விநாடி. அலை போய்வரும் தூரத்தில் கணக்குப் போட்டால் இது ஏறத்தாழ 3 கிலோமீட்டர். ஆகவே ரேடாரிலிருந்து ஒரே திசையில், 3 கிலோமீட்டர் வித்தியாசத்துக்குள் இரண்டு விமானங்கள் இருந்தால் அவற்றின் பதில்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும்.

இது எங்கே மிக மோசமாக நடக்கும் தெரியுமா? ஹோல்டிங்கில். இறங்க இடம் கிடைக்காமல் விமானங்கள் 1,000 அடி இடைவெளியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே இடத்தை நீள்வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ரேடாரிலிருந்து பார்த்தால் ஐந்தும் ஒரே திசை, ஒரே தூரம். ஐந்து பதில்களும் கலந்து, புள்ளிக்கு அருகே பெயரும் உயரமும் காட்டும் லேபிள்கள் திரையில் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். ஆன்டெனாவின் ஒரு சுற்றில் 90 (அதாவது 9,000 அடி) என்று காட்டும் உயரம் அடுத்த சுற்றில் மறைந்துபோகும். அதற்கடுத்த சுற்றில் யாரும் இல்லாத ஓர் உயரம் வந்து நிற்கும். இரண்டு விமானங்கள் குறுக்கே கடந்து பிரியும்போது லேபிள்கள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதும் உண்டு. உயரத்தை நம்பி மட்டுமே விமானங்களைப் பிரித்து வைத்திருக்கும் இடத்தில்தான் உயரம் சரியாகத் தெரியாமல் போகும். அந்த நேரத்தில் திரையை விட்டுவிட்டு, மேசையில் இருக்கும் ஸ்ட்ரிப்பில் (ஒவ்வொரு விமானத்துக்கும் வைக்கும் குறிப்புச் சீட்டில்) எழுதியதையும் விமானி ரேடியோவில் சொன்னதையும் வைத்துத்தான் வேலை பார்ப்போம்.

ஆன்டெனாவின் வடிவமைப்பை மாற்றி ஒரே பதிலிலிருந்து திசையைத் துல்லியமாக அளக்கும் மோனோபல்ஸ் முறை வந்து நிலைமையை ஓரளவு சீராக்கியது. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவது நிற்கவில்லை. பக்கத்து ரேடாருக்கு விமானம் சொன்ன பதிலும் நம் ஆன்டெனாவில் வந்து விழும். ஸ்குவாக் எண்களும் போதவில்லை. எட்டின் நான்காம் அடுக்கு 4,096தான். அதிலும் சில ஒதுக்கப்பட்டவை. எல்லைக்கு எல்லை எண் மாற்றிக் கொடுக்க வேண்டிய நிலை. ஒவ்வொரு மாற்றமும் ஒரு ரேடியோ உரையாடல், ஒவ்வோர் உரையாடலிலும் தவறாகக் கேட்க ஒரு வாய்ப்பு.

மோட் எஸ் இதற்குத்தான் வந்தது. ஒவ்வொரு விமானத்துக்கும் 24 பிட் கொண்ட நிரந்தர முகவரி. மொத்தம் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல். விமானத்தைப் பதிவுசெய்யும் நாடு அதைக் கொடுக்கிறது. ரேடார் முதலில் 'புதிதாக யாராவது இருக்கிறீர்களா' என்று பொதுவாகக் கேட்டு முகவரிகளைச் சேர்த்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும். பெயர் சொன்னவர் மட்டும் பேசுவார். ஹோல்டிங்கில் ஐந்து விமானங்கள் அடுக்கி நின்றாலும் ஐந்து பதில்களும் தனித்தனியாக வரும். உயரம் 100 அடிப் படிகளுக்குப் பதில் 25 அடிப் படிகளில் வரும். செய்தியில் பிழை இருக்கிறதா என்று சரிபார்க்க வழியும் உண்டு. எனக்கு அந்த மாற்றம் கண்ணில் பட்டது ஹோல்டிங் திரையில்தான். ஐந்து லேபிள்கள், ஐந்து உயரங்கள், ஒரு சுற்றிலும் ஒன்றுகூடக் கலங்கவில்லை. ஸ்ட்ரிப்பைப் பார்க்கும் பழக்கம் மட்டும் உடனே விடவில்லை.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு, எத்தனையோ பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. ஒருமுறை தெரிந்துகொண்ட விமானத்திடம் ரேடார், 'உன்னை எனக்குத் தெரியும், இனி என் பொதுக் கேள்விக்குப் பதில் சொல்லாதே' என்று சொல்லிவைக்கும். எந்த ரேடார் சொல்கிறது என்பதைக் காட்ட ஒவ்வொரு ரேடாருக்கும் ஓர் அடையாள எண். தொடக்கத்தில் இப்படிப் பயன்படுத்தக் கிடைத்தவை 15 எண்கள் மட்டுமே. அருகருகே உள்ள இரண்டு ரேடார்களுக்குத் தவறி ஒரே எண் அமைந்துவிட்டால்? முதல் ரேடார் வாயை மூடச் சொன்ன விமானம் இரண்டாவது ரேடாரின் பொதுக் கேள்விக்கும் வாய் திறக்காது. இரண்டாவது ரேடாரில் எந்தக் கருவியும் பழுதாகவில்லை, விமானத்திலும் பழுதில்லை. ஆனாலும் விமானம் திரையில் இல்லை. இதனால்தான் இந்த எண்களை நாடுகள் கூடிப் பேசிப் பங்கிட வேண்டியிருக்கிறது.

மோட் எஸ் கொடுத்ததில் எனக்கு மிகப் பிடித்தது வேறொன்று. விமானத்தின் கணினியில் இருக்கும் சில எண்களையும் ரேடார் கேட்டு வாங்கலாம்: சாய்வு, வேகம், மூக்கு இருக்கும் திசை, ஏறும் வேகம். எல்லாவற்றுக்கும் மேலாக, விமானி ஆட்டோபைலட்டில் திருகி வைத்த உயரம். ரேடியோவில் 100 என்ற உயரத்துக்கும் (10,000 அடி) 110 என்ற உயரத்துக்கும் (11,000 அடி) குழப்பம் வருவது பழைய தொல்லை. இலக்கம் இலக்கமாகச் சொல்லும்போது 'ஒன் ஜீரோ ஜீரோ', 'ஒன் ஒன் ஜீரோ' இரண்டும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும். அதனால்தான் பல இடங்களில் 'ஒன் ஹண்ட்ரட்' என்று சொல்லும் வழக்கமே வந்தது. இப்போது இப்படி எண்ணிப் பாருங்கள்: 100-க்கு ஏறச் சொல்கிறீர்கள், விமானியும் 100 என்றே திருப்பிச் சொல்கிறார். ஆனால் கை 110-க்குத் திருகிவிட்டது; 110-இல் வேறொருவர் வந்துகொண்டிருக்கிறார். பழைய திரையில், விமானம் 100-ஐத் தாண்டிய பிறகுதான் இது தெரியும். அதற்குள் இடைவெளி போய்விட்டிருக்கும். புதிய திரையில், விமானம் 70-இல் ஏறிக்கொண்டிருக்கும்போதே லேபிளின் ஓரத்தில் 110 என்ற எண் நிறம் மாறி நிற்கும். 'தேர்ந்தெடுத்த உயரத்தைப் பாருங்கள், உங்களுக்கு அனுமதி 100' என்று ஒரு வரி சொன்னால் போதும். மூன்று விநாடியில் முடிந்துவிடும். பயணிகள் யாருக்கும் எதுவும் தெரியாது.

மாற்றத்தின் தொடக்க நாள்களில் தொல்லை கொடுத்தவை பெரும்பாலும் மனிதக் கைகளே. விமானி தன் பயணப் பெயரை ட்ரான்ஸ்பாண்டரில் தட்டச்சு செய்ய வேண்டும், பயணத் திட்டத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே. 045 என்பதை 45 என்று அடித்தாலோ, விமான நிறுவனத்தின் மூன்றெழுத்துக் குறிக்குப் பதில் டிக்கெட்டில் வரும் இரண்டெழுத்துக் குறியைப் போட்டாலோ கணினி பொருத்தாது. லேபிள் அநாதையாகத் திரியும். பழுதுபார்க்கும்போது முகவரி தவறாக அமைந்து இரண்டு விமானங்கள் ஒரே முகவரியோடு பறப்பதும் உண்டு.

அடுத்த படிதான் ஏடிஎஸ்-பி. இங்கே யாரும் கேட்கவே தேவையில்லை. விமானம் ஜிபிஎஸ்ஸிலிருந்து தன் இடத்தை எடுத்து, அதே 1090 மெகாஹெர்ட்ஸில், விநாடிக்கு இரண்டு முறை எல்லோருக்கும் ஒலிபரப்புகிறது. அமெரிக்காவில் மட்டும் 18,000 அடிக்குக் கீழே பறக்கும் சிறு விமானங்களுக்கு 978 மெகாஹெர்ட்ஸும் உண்டு. தொலைதூர ரேடாரின் ஆன்டெனா ஒரு சுற்றுச் சுற்ற 12 விநாடி வரை ஆகும். 480 நாட் (மணிக்கு 480 கடல்மைல்) வேகத்தில் போகும் விமானம் அதற்குள் 1.6 கடல்மைல் நகர்ந்திருக்கும். அது திரும்பத் தொடங்கியதே ஒரு சுற்று, இரண்டு சுற்று கழித்துத்தான் உறுதியாகும். துல்லியத்திலும் வித்தியாசம் உண்டு. ரேடாரின் திசை அளவில் 0.1 டிகிரி பிழை என்றால், 20 கடல்மைலில் அது சுமார் 65 மீட்டர். 200 கடல்மைலில் 650 மீட்டர். ஏடிஎஸ்-பியில் தூரம் கூடினாலும் பிழை கூடாது, ஏனென்றால் அளப்பது தரையில் இல்லை.

செலவும் அப்படித்தான். பல டன் எடையில் சுழலும் ஆன்டெனா, மோட்டார், கோபுரம், அதற்கென்று மின்சாரம் எல்லாவற்றுக்கும் பதில் ஒரு கம்பத்தில் சிறிய ஏரியலும் பெட்டியும். அதனால்தான் ரேடார் வைக்கவே முடியாத இடங்களில் இது முதலில் வேரூன்றியது. கனடாவின் ஹட்சன் விரிகுடாப் பகுதியில் 2009-இல் சில தரை நிலையங்களை வைத்ததும், சுமார் 80 கடல்மைல் இடைவெளியில் போன விமானங்கள் 5 கடல்மைல் இடைவெளியில் போக முடிந்தது. பரந்த வெற்று நிலம் கொண்ட ஆஸ்திரேலியா 2013 டிசம்பரிலிருந்து 29,000 அடிக்கு மேல் அதைக் கட்டாயமாக்கியது. பிறகு கடல். பூமியின் வளைவைத் தாண்டி எந்தத் தரை நிலையமும் பார்க்காது. 30,000 அடியில் போகும் விமானம்கூட 210 கடல்மைல் அளவில் மறைந்துவிடும். வட அட்லாண்டிக்கில் விமானிகள் பத்து டிகிரி தீர்க்கரேகைக்கு ஒருமுறை தங்கள் இடத்தைச் சொல்லிக்கொண்டு போனார்கள். 2019-இல் இரிடியம் செயற்கைக்கோள்கள் 66-இலும் ஏற்றிய ஏரியான் ரிசீவர்கள் வேலைக்கு வந்த பிறகு, முன்பின் இடைவெளி 40 கடல்மைலிலிருந்து 14 வரை குறைய வழி பிறந்தது. தாள் கணக்கில் விமானம் ஓட்டிய கடலில் இப்போது உண்மையான இடம் தெரிகிறது. இந்தத் துறையில் என் காலத்தில் நடந்தவற்றில் இதைத்தான் மிகப் பெரியதாக நினைக்கிறேன்.

'ஏடிஎஸ்-பி பல விமானங்களில் முன்பே இருந்ததே, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கட்டாயமாக்க ஏன் 2020 வரை ஆனது' என்றும் கேட்பார்கள். இருந்தது, ஆனால் முதல் பதிப்பு. சில விமானங்கள் ஜிபிஎஸ்ஸுக்குப் பதில், விமானத்தின் அசைவுகளை வைத்து இடத்தைக் கணிக்கும் இனெர்ஷியல் கருவியின் இடத்தையே அனுப்பின. அது மணிக்கணக்கில் பறக்கப் பறக்க மெல்ல நகர்ந்துகொண்டே போகும். தரையிறங்கும் நேரத்தில் ஓடுபாதைக்கு மைல் கணக்கில் தள்ளி விமானத்தைக் காட்டும். தான் சொல்லும் இடம் எவ்வளவு நம்பத்தக்கது என்பதையும் விமானமே எண்களாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் பிந்தைய பதிப்பின் சாரம். அமெரிக்காவில் 2020 ஜனவரி 1-ஆம் தேதியும், ஐரோப்பாவில் பெரிய, வேகமான விமானங்களுக்கு அதே ஆண்டும் அமலுக்கு வந்த விதிகள் இந்தப் புதிய பதிப்பைத்தான் கேட்டன. பெட்டியை மட்டும் மாற்றினால் முடியாது. ஜிபிஎஸ் ரிசீவர், வயரிங், சான்றிதழ் எல்லாம் சேர்ந்த வேலை.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஏடிஎஸ்-பியின் பெயரிலேயே நடுவில் 'சார்ந்த' என்று பொருள்படும் சொல் இருக்கிறது. விமானம் சொல்வதைச் சார்ந்தது. விமானமோ ஜிபிஎஸ்ஸைச் சார்ந்தது. கிழக்கு மத்தியதரைக் கடல், கருங்கடல், பால்டிக் பகுதிகளில் சில ஆண்டுகளாக ஜிபிஎஸ் சிக்னலை அமுக்குவதும் போலி சிக்னல் அனுப்புவதும் நடக்கின்றன. பல ஆயிரம் அடி உயரத்தில் பறக்கும் விமானம் தான் பெய்ரூத் விமான நிலையத்தில் இருப்பதாக நம்பி, அதையே ஒலிபரப்பியிருக்கிறது. தரையில் ஏடிஎஸ்-பி மட்டும் இருந்தால், கண்ட்ரோலரும் அதையே பார்ப்பார். செய்தி அனுப்பியவர் உண்மையான விமானம்தானா என்று சரிபார்க்கும் பூட்டும் அந்தச் செய்தியில் கிடையாது.

செகண்டரி ரேடார் அப்படி ஏமாறாது. உயரத்தையும் பெயரையும் விமானத்திடம் கேட்டாலும், தூரத்தையும் திசையையும் அது தானே அளக்கிறது. மல்ட்டிலேட்டரேஷன் என்ற முறையும் அப்படித்தான். ஒரே சிக்னல் பல தரை நிலையங்களுக்கு வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பது. அலை ஒரு நானோ விநாடியில் 30 சென்டிமீட்டர் போகும். கடிகாரங்கள் ஒத்துப்போனால் துல்லியம் நன்றாகவே இருக்கும். மலைகள் சூழ்ந்த இன்ஸ்ப்ரக் போன்ற இடங்களில் ரேடாரின் பார்வைக்கு எட்டாத பள்ளத்தாக்குகளை இப்படித்தான் மூடினார்கள். விமானம் ஒரு இடத்தைச் சொல்லி, நேர வித்தியாசம் வேறு இடத்தைச் சொன்னால், கணினி உடனே கொடி காட்டும்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ட்ரான்ஸ்பாண்டர் பேச வேண்டும். 2006 செப்டம்பர் 29 அன்று அமேசான் காட்டுக்கு மேல் ஒரு சிறிய ஜெட்டின் ட்ரான்ஸ்பாண்டர் வேலை செய்யாமல் நின்றுபோனது, விமானிகளுக்கே தெரியவில்லை. விமானங்களின் மோதல் தவிர்ப்புக் கருவியும் ட்ரான்ஸ்பாண்டரை நம்பியே இருப்பதால், எதிரே வந்த கோல் நிறுவனத்தின் போயிங் 737-க்கு எச்சரிக்கை வரவில்லை. மோதியதில் 737-இல் இருந்த 154 பேரும் இறந்தார்கள். வேண்டுமென்றே அணைப்பதும் உண்டு. 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் மூன்றின் ட்ரான்ஸ்பாண்டர் அணைக்கப்பட்டது. 2014 மார்ச் 8 அன்று மலேசியாவின் எம்எச்370 செகண்டரி திரையிலிருந்து மறைந்த பிறகு, அது திரும்பிப் போன பாதையைக் காட்டியது ராணுவத்தின் பிரைமரி ரேடார்தான். பெயரும் உயரமும் தெரியாத அந்தப் பழைய புள்ளி, யாருடைய ஒத்துழைப்பும் இல்லாமல் தெரியும் ஒரே புள்ளி.

ஆகவே நடப்பது ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பதாக இல்லை. கண்ட்ரோலரின் திரைக்குப் பின்னால் ஒரு கணினி பிரைமரி, மோட் எஸ், மல்ட்டிலேட்டரேஷன், ஏடிஎஸ்-பி எல்லாவற்றையும் வாங்கி, எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று முடிவுசெய்து, ஒரே தடமாக வரைகிறது. குறையப்போவது ஒரே வானத்தை நான்கைந்து பேர் பார்க்கும் இடங்களில் உள்ள உபரி செகண்டரி ரேடார்கள். அவை குறைவது நல்லதும்கூட, ஏனென்றால் 1090 மெகாஹெர்ட்ஸில் ரேடார் பதில்கள், மோதல் தவிர்ப்புக் கருவியின் உரையாடல், ஏடிஎஸ்-பி எல்லாம் ஒரே சந்தில் நெருக்கியடிக்கின்றன. முகவரிகளை ஏடிஎஸ்-பியைக் கேட்டே தெரிந்துகொண்டு, தேவையான கேள்விகளை மட்டும் கேட்கும் புதிய மோட் எஸ் ரேடார்கள் இந்த நெரிசலைக் குறைக்கின்றன. பெரிய விமான நிலையங்களைச் சுற்றிலும், நாட்டின் பாதுகாப்புக்கும் பிரைமரி இருந்தாக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அதன் பராமரிப்புச் செலவைக் காட்டி எடுத்துவிடச் சொல்பவர்களோடு நான் எப்போதும் ஒத்துப்போனதில்லை.

உங்கள் கைப்பேசிச் செயலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் வருவது அதே 1090 மெகாஹெர்ட்ஸ் ஒலிபரப்புதான். ஆர்வலர்கள் தங்கள் வீட்டு மாடியில் வைத்த சிறு ரிசீவர்களே அதில் பெரும்பகுதியைப் பிடித்து அனுப்புகின்றன. ரிசீவர் இல்லாத இடத்தில், விமானம் போயிருக்கக்கூடிய பாதையைச் சில செயலிகள் கணித்து, படத்தைத் தொடர்ந்து நகர்த்திக்கொண்டிருக்கும். எங்கள் திரையில் சில சுற்றுகள் தகவல் வராவிட்டால் குறி மாறிவிடும். பிறகு தடமே விழுந்துவிடும். மோட் எஸ் மட்டும் உள்ள விமானம், நான்கைந்து ரிசீவர்கள் சேர்ந்து கேட்டால்தான் உங்கள் வரைபடத்தில் வரும். பழைய மோட் சி மட்டும் வைத்துப் பறக்கும் சிறு விமானம் அதில் வரவே வராது. நீங்கள் மாடியில் நின்று தலைக்கு மேல் ஒரு விமானத்தைக் கண்ணால் பார்த்து, செயலியில் அது இல்லையென்றால், பெரும்பாலும் அது இப்படிப்பட்டதாகத்தான் இருக்கும். சுற்றிக்கொண்டிருக்கும் அந்த ஆன்டெனா அதை ஒவ்வொரு சுற்றிலும் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கும்.